இந்த நடை முடியட்டும்

கல்லாங்காட்டு வளவு,
22.8.1988

சின்னுசாமிக்குப் பொன்னாத்தாள் எழுதுவது.

நலம் விசாரிக்க எழுதவில்லை. உன் மச்சானைத் தொப்பூர்க் கணவாயிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினாயே, அன்றைக்கே உன்னோடு எனக்குப் பேச்சு முடிந்தது. பதினாலு வருசமாகிறது. கூடப் பிறந்தவன் என்பதற்காக அதில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு மூணாங்கிளாஸ் படிப்பு. எழுத்து கோணலாக இருந்தால் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொள். வேறு ஆளை வைத்து எழுதினால், பொன்னாத்தாள் தம்பிக்குக் கடுதாசி போட்டாள் என்று ஊரெல்லாம் பேசும்.

விஷயம் இதுதான். என் மகன் அருணகிரி போன வருசம் சேலத்து டாக்டர் ஒருவரிடம் ஒரு சின்னக் காரை வாங்கினான். பழைய வண்டி. உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாமல் உன் லாரிப் பட்டறைக்கு அவன் வந்துபோவது எனக்குத் தெரியும். போன வாரம் எடப்பாடி மெக்கானிக் பொன்னன் வேறு எதற்கோ என்ஜின் மூடியைத் திறந்தவன், என் காதுபடச் சொன்னான்: "ஏனுங்கண்ணா, இதுக்குள்ள பல்லு வெச்ச ரப்பர் பெல்ட்டு ஒன்னு ஓடுதுங்க. டைமிங் பெல்ட்டும்பாங்க. அது அறுந்துதுன்னா வண்டி நின்ன எடத்துல நின்னு போயிருமுங்க. இத்தன தூரம் ஓடுனா மாத்தீரோணும்னு கணக்கிருக்குதுங்க. உங்குளுக்கு மீட்டரே ஓடறதில்லியே, எதை வெச்சுச் சொல்றது?"

அதற்கு அருணகிரி சிரித்துக்கொண்டே சொன்னான்: "சின்னுசாமி மாமா என்ஜின் சத்தத்தைக் கேட்டுட்டாரு. ஒன்னும் ஆவாதுன்னுட்டாரு."

பெல்ட் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தொப்பூர்தான் நினைவுக்கு வந்தது. இந்த ஆவணி இருபத்தொன்பது, புதன்கிழமை, பேத்தி வசந்தாமணியைப் பிரசவத்துக்கு அழைத்துவரத் திருச்செங்கோடு போகிறார்கள். அவளுக்கு ஒன்பது மாசம். வரும் வழியில் சங்ககிரி ரயில் கேட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். வண்டி தண்டவாளத்தின் மேல் நின்றுவிட்டால், நிறைசூலி இறங்கி ஓடுவாளா?

ஒன்றும் ஆகாது என்று நீ சொன்னது உண்மையா இல்லையா? அதை மட்டும் எழுது.

பொன்னாத்தாள்

◆

சங்ககிரி,
26.8.1988

அக்காவுக்குச் சின்னுசாமி வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

சொன்னது உண்மைதான். நான் முப்பது வருசமாக லாரி என்ஜினோடு குடித்தனம் பண்ணுகிறவன். செயினோ பல்சக்கரமோ கெட்டுப்போவதாக இருந்தால் பல நடைக்கு முன்பே கத்திச் சொல்லிவிடும். அருணகிரி வண்டியை ஓடவிட்டு, திருப்புளியின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது. ஓடுகிற என்ஜினைப் பிரிக்காதே என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். பிரித்து மாட்டும்போது ஒரு பல் தப்பினால், நன்றாக இருந்த வண்டியை நாமே கெடுத்த மாதிரி. மீட்டர் ஓடியிருந்தால் கணக்குப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லலாம். பழனிக்குப் போய் வந்தபோதோ, அதற்கு முன்போ, ஒயர் அறுந்து நின்றதாம். அவனுக்கே நினைவில்லை. அப்போது ஐம்பதாயிரத்துச் சொச்சம் காட்டியதாம். அறுபதாயிரம் கிலோமீட்டரில் மாற்றச் சொல்லி வண்டிப் புத்தகத்தில் இருக்கிறதாம். அவன் ஓட்டிய ஓட்டம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

அக்கா, இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். வசந்தாமணி கல்யாணத்துக்கு நான் கொண்டுவந்த சீர்த்தட்டை வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்கள். என் வீட்டுக்காரி மயிலம்மாள் அந்தத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள். மச்சான் போனது உங்களுக்கு மட்டும் இல்லை.

சின்னுசாமி

◆

கல்லாங்காட்டு வளவு,
30.8.1988

சின்னுசாமிக்கு,

மயிலம்மாள் அழுததற்கு வருத்தந்தான். அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. தட்டை அனுப்பியது உன்னைப் பார்த்து.

மீட்டர் எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியும். போன வருசம் பங்குனி உத்திரத்துக்குப் பழனி போனார்களே, திரும்பிவரும் வழியில், தாராபுரம் தாண்டி. வீட்டுக்குள் நுழைந்ததும் அருணகிரி சௌந்திரத்திடம், "தாராபுரத்தோட மீட்டரு செத்துப் போச்சு புள்ள, காலைல பாக்கோணும்" என்றான். என் மருமகள், "மொதல்ல எருமைக்குத் தண்ணி காட்டறேன்" என்றாள். எருமைக்கு நான் தண்ணீர் காட்டி ஒரு நாழிகை ஆகியிருந்தது. ஏனென்றால் அந்தப் பயணத்துக்கு என்னைக் கூட்டிப்போகவில்லை. "நீங்க எருமையப் பாத்துக்குங்கத்தே" என்றுவிட்டுப் போனார்கள். எனக்கென்று கொண்டுவந்த பஞ்சாமிர்த டப்பாவில் பாதிக்கு மேல் வழியிலேயே தின்றிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வண்டி எங்கெல்லாம் போயிற்று என்று கேள். ஒன்றுவிடாமல் சொல்கிறேன், ஒன்றிலாவது என்னை ஏறச் சொல்லியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். வாராவாரம் செவ்வாய்க்கிழமை ஈரோட்டு ஜவுளிச் சந்தை. சந்தை லீவு விட்ட தீபாவளி வாரத்தையும் பொங்கல் வாரத்தையும் கழித்துக்கொள். நூல் வாங்கக் குமாரபாளையத்துக்கு வாரத்தில் ஒருநாள். சித்திரையில் ஊட்டி, சௌந்திரத்தின் தங்கை குடும்பத்தோடு. எனக்குக் குளிர் ஆகாது என்று அவர்களாகவே தீர்மானித்துக்கொண்டார்கள். ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர், கார்த்திகையில் திருவண்ணாமலை, மார்கழியில் குருவாயூர். அங்கிருந்து வந்தவன் ரெண்டு நேந்திரம்பழம் கொடுத்தான், ஒன்று அழுகல். நாமக்கல் ஆஞ்சநேயருக்கு மூன்று தடவை. வசந்தாமணியைப் பார்க்கத் திருச்செங்கோட்டுக்கு மாசம் தவறாமல். இந்த வருசம் திருப்பதி போகும்போது மட்டும், "அம்மா, நீங்களும் வாரீங்களா?" என்றான். வண்டி நிறைய ஆளை ஏற்றி வைத்துக்கொண்டு கேட்டான்.

எந்த ஊருக்கு எவ்வளவு தூரம் என்று லாரிக்காரனுக்குத் தெரியாதா? நீயே கூட்டிக்கொள்.

செயின் கத்திச் சொல்லும் என்றாயே, சரி. தொப்பூரில் அன்றைக்கு அறுந்த ஃபேன் பெல்ட் கத்திச் சொல்லிற்றா? நூல் பிரிந்து கிடக்கிறது என்று உன் மச்சான் ரெண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த நடை முடியட்டும் மச்சான், வந்து மாத்திக்கலாம்" என்றாய். பட்டறை மாரியாத்தாளிடம் பூக்கேட்டீர்கள். வெள்ளைப் பூ வந்தது, போகலாம் என்று. போனார். கணவாய் ஏற்றத்தில் பெல்ட் அறுந்து, என்ஜின் கொதித்து வண்டி நின்றது. டயருக்குக் கல் வைக்க இறங்கினார். லாரி பின்னால் உருண்டது.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை. இந்தத் தடவை அது உபயோகப்படட்டும்.

பொன்னாத்தாள்

◆

சங்ககிரி,
3.9.1988

அக்காவுக்கு,

ரெண்டு தடவை கூட்டினேன். முதல் தடவை தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் கூட்டினேன். அறுபதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது அக்கா. நீங்கள் ஏதாவது ஒன்றிரண்டை மறந்திருந்தால் இன்னும் கூட.

நேற்றுச் சேலத்தில் கார்களை மட்டும் பார்க்கிற ஒரு பட்டறைக்குப் போனேன். அறுந்த பெல்ட் ஒன்றைக் காட்டினார்கள். "சத்தம் போட்டதா?" என்று கேட்டேன். "இல்லைங்க, ரப்பர் எப்படிங்க சத்தம் போடும்? போற வரைக்கும் சும்மா இருக்கும், அப்புறம் போயிரும்" என்றான் அந்தப் பையன். என் காது லாரிக்குப் பழகிய காது. இரும்பு பேசினால் அதற்குக் கேட்கும். அங்கே பேசாத ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் திருப்புளியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வந்ததும் எடப்பாடிக்கு ஆள் அனுப்பி, அருணகிரியைப் பட்டறைக்கு வரச்சொல்லிச் சொன்னேன். "போன மாசம் ஒன்னும் ஆவாதுன்னீங்க, இந்த மாசம் ஆவும்ங்கறீங்க. உங்குளுக்கு என்னாச்சு மாமா?" என்கிறான். வாடகைக் காரிலாவது போய்ப் பிள்ளையை அழைத்து வா என்றேன். "சொந்தக் காரு நிக்கையில வாடகைக் காருல போயி எறங்குனா சம்பந்தி ஊட்டுல என்ன நெனைப்பாங்க?" என்றான். புரட்டாசி பிறந்துவிட்டால் அவர்கள் அனுப்பமாட்டார்கள், அதனால் நாளையும் தள்ள முடியாது என்கிறான். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை மாரியாத்தாளிடம் பூக்கேட்கலாம், ஆத்தா சொன்னபடி செய்யலாம் என்று போய்விட்டான்.

பெல்ட்டுக்குக் கோயமுத்தூரில் சொல்லியிருக்கிறேன். நம் லாரியில் வரும். அதற்குள் எதுவும் நடக்கக் கூடாது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

சின்னுசாமி

◆

கல்லாங்காட்டு வளவு,
7.9.1988

சின்னுசாமிக்கு,

பூக்கேட்டாயிற்று.

பூசாரி வேப்பிலையில் வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் கட்டி ஆத்தா காலடியில் போட்டார். "வண்டியப் பிரிக்காம, இருக்கறபடியே போயிப் புள்ளையக் கூட்டியாரலாமா ஆத்தா? போலாம்னா வெள்ளையக் குடு" என்று அருணகிரி கேட்டான். பக்கத்து வளவுப் பெருமாயியின் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சௌந்திரம் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை.

வெள்ளை.

சௌந்திரம் ஆத்தாளைக் கும்பிட்டு அழுதாள். அருணகிரி என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்ப என்னங்கம்மா சொல்றீங்க?" என்றான். பூசாரி, "ஆத்தாளே சொல்லீட்டா, அப்பறம் என்னங்காத்தா?" என்றார். எல்லோர் முகத்திலும் சந்தோஷம். மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு வந்ததும் வெள்ளைதானே. அந்தப் பொட்டலத்தைப் பிரித்து உன் மச்சான் பூவைக் காதில் செருகிக்கொண்டு வண்டி ஏறினார். வாசலில் இறக்கியபோது அது காதிலேயே இருந்தது. நீ பார்த்திருக்கமாட்டாய். நான்தான் எடுத்தேன். அன்றிலிருந்து ஆத்தாளோடும் எனக்குப் பேச்சில்லை. கோயிலுக்குப் போவேன், எல்லோருக்கும் பின்னால் நிற்பேன், எதையும் கேட்கமாட்டேன்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது கடைசியாக ஒரு தடவை அவனிடம் சொல்லிப் பார்த்தேன். "உடுங்கம்மா. இந்த நடை முடியட்டும், வந்து மாத்திக்கலாம்" என்றான்.

யார் சொல்லிக் கொடுத்தது அவனுக்கு அந்தச் சொல்லை? லாரிக்காரர்கள் பேச்சு அது. தறி ஓட்டுகிறவன் வாயில் எப்படி வந்தது? சோற்றுத் தட்டோடு எழுந்து உள்ளே போய்விட்டேன்.

நேற்றுச் செவ்வாய்ச் சந்தைக்குப் போய்வந்து வண்டியை நிறுத்தியதும், ஆணியில் மாட்டிய சாவியை எடுத்து என் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டேன். பீரோவில் இன்னொரு சாவி இருந்தது. அதுவும் இப்போது என்னிடம். வீடே தலைகீழாகக் கிடக்கிறது. "கெழவிக்குப் புத்தி பெசகிப் போச்சு" என்று சௌந்திரம் தறிக்காரர்களிடம் சொன்னாள். பயந்துதான் சொல்கிறாள். ஆத்தா வாக்கை மீறினால் வசந்தாமணிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம். எனக்கும் அந்தப் பயம் இல்லை என்று நினைக்காதே. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பிள்ளையின் வயிறுதான் கண்ணில் நிற்கிறது.

பெல்ட்டோடு நீ வா. வாசலுக்கு வரலாம். உட்காரச் சொல்லமாட்டேன், சாப்பிடச் சொல்லமாட்டேன், உன்னோடு பேசமாட்டேன். சாவியை மட்டும் கொடுத்தனுப்புவேன்.

பொன்னாத்தாள்

◆

சங்ககிரி,
9.9.1988

அக்காவுக்கு,

எடப்பாடி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

பெல்ட் வந்துவிட்டது. மாட்டத்தான் ஆள் இல்லை. பொன்னனைக் கேட்டேன். "வெள்ளை வந்ததுக்கப்பறம் நான் கை வெக்கமாட்டனுங்க, எனக்கும் புள்ளைகுட்டி இருக்குதுங்க" என்று கும்பிட்டுவிட்டான். என் பட்டறைப் பச்சமுத்து முதலில் சரி என்றான், வீட்டுக்குப் போய்வந்து முடியாது என்கிறான். சேலத்துப் பட்டறையில், வண்டியை அங்கே கொண்டுவந்தால் செய்வார்களாம். அவ்வளவு தூரம் அந்தப் பெல்ட்டை நம்பி யார் ஓட்டுவது? அந்தப் பையனிடம் எந்தக் குறிக்கு எந்தக் குறியைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுப் படம் போட்டு வாங்கிவந்திருக்கிறேன். நானே மாட்டிவிடுவேன். கைக்குத் தெரிந்த வேலைதான்.

ஆனால் பயமாக இருக்கிறது அக்கா. மாட்டாமல் விட்டு ஏதாவது ஆனாலும் என் பேர்தான். மாட்டி, ஒரு பல் தப்பி, அதனால் ரயில் கேட்டில் நின்றாலும் என் பேர்தான். ஆத்தா வேண்டாம் என்றதை மீறிக் கை வைத்தான் என்று தலைமுறைக்கும் பேசுவார்கள். ஒரு சாவை உங்கள் வாசலில் இறக்கியவன் நான். இன்னொன்றைத் தாங்கமாட்டேன்.

நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் வருகிறேன். எழுதாவிட்டால் என்னால் முடியாது.

சின்னுசாமி

◆

10.9.1988

சின்னுசாமிக்கு,

வந்து மாட்டு.

தப்பாகப் போனால் பொன்னாத்தாள் சொல்லித்தான் செய்தேன் என்று சொல். ஊர் கேட்டாலும் அதைச் சொல், அருணகிரி கேட்டாலும் அதைச் சொல். ஆத்தா கேட்டால் என்னைக் கைகாட்டு. அவளோடு எனக்கு ஏற்கெனவே பகைதான், இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

குறியை ரெண்டு தடவை பார்.

பொன்னாத்தாள்

◆

சங்ககிரி,
20.9.1988

அக்காவுக்கு,

வசந்தாமணி நல்லபடியாக வந்து சேர்ந்தாள் என்று கண்டக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. புதன்கிழமை முழுக்கப் பட்டறை வாசலிலேயே நின்றிருந்தேன். அந்த வண்டி சங்ககிரிக்குள் வந்தபோது பார்த்தேன். முன் சீட்டில் நீங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை நீங்கள் உள்ளே இருந்ததால் அங்கே வாசலில் நடந்தது முழுதாகத் தெரிந்திருக்காது. "செவ்வாக்கெழமை அதுவுமா, ஆத்தா சொல்ல மீறி என்ற வண்டியில கை வெக்கறீங்களே மாமா" என்று அருணகிரி கத்தியது மட்டும் கேட்டிருக்கும். குறியை நான்கு தடவை பார்த்தேன். கை தவறி ஒரு நட்டு கீழே விழுந்து, அதைத் தேடும்போது அவன்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு அவன் கத்தவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

பழைய பெல்ட்டைக் கழற்றியதும் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒரு கீறல் இல்லை. ஒரு பல் குறையவில்லை. வளைத்துப் பார்த்தேன், புதுசு மாதிரி வளைந்தது. அருணகிரி அதை வாங்கிச் சௌந்திரத்திடம் காட்டி, "பாத்தியா, ரெண்டு கெழடும் சேந்து நல்லா இருந்ததத் தூக்கிப் போட்டுட்டாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தறிக்காரர்கள்கூட.

அதைப் பட்டறையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். தினமும் எடுத்துப் பார்க்கிறேன். புதன்கிழமை அறுந்திருக்குமா? இன்னும் ஒரு வருசம் ஓடியிருக்குமா? தெரியவில்லை அக்கா. ஆத்தா சொன்னதுதான் சரியோ? நாம் செய்தது வீண் வேலையோ? பார்க்கிறவர்கள் எல்லாம், "என்ன சின்னுசாமி, பெல்ட்டு கத்துச்சா?" என்று கேலி பேசுகிறார்கள்.

சின்னுசாமி

◆

கல்லாங்காட்டு வளவு,
25.9.1988

சின்னுசாமிக்கு,

நீ பட்டறை வாசலில் நின்றதைப் பார்த்தேன். திரும்பாமலே பார்த்தேன்.

அன்றைக்குக் காலையில் நானாகப் போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். யாரும் ஏறச் சொல்லவில்லை. இறங்கச் சொல்லவும் யாருக்கும் தைரியம் இல்லை. சாவி என்னிடம் இருந்தது.

திரும்பி வரும்போது ரயில் கேட் மூடியிருந்தது. அருணகிரி என்ஜினை நிறுத்தினான். எதற்கடா நிறுத்தினாய் என்று மனசுக்குள் திட்டினேன். ரயில் போயிற்று. கேட் தூக்கினார்கள். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். அருணகிரி சாவியைத் திருப்பினான், ஒரு தடவை இழுத்து நின்றுவிட்டது. பின் சீட்டிலிருந்து வசந்தாமணி என் தோளைப் பிடித்தாள். "அப்பத்தா, உங்க ஒடம்பு ஏன் இப்பிடி நடுங்குது?" என்றாள். குறியை ரெண்டு தடவை பார்த்திருப்பானா, ஒரு தடவைதான் பார்த்தானா என்று உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி திருப்பினான். பிடித்துக்கொண்டது. தண்டவாளத்தின் மேல் ஏறி, தடதடவென்று குலுங்கி, அந்தப் பக்கம் இறங்கியது.

அருணகிரி அப்போது என் பக்கம் திரும்பினான். அவன் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. வாய்தான் சிரித்தது. அவனும் பயந்துகொண்டுதான் வந்திருக்கிறான். சொல்லமாட்டான். அவன் அப்பாவும் இப்படித்தான்.

மீட்டருக்கு ஒயர் மாற்றிவிட்டான். அது ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, திருச்செங்கோடு போய்வந்ததை முதல் பயணமாக நான் வைத்துக்கொண்டேன். அதில் நான் இருந்தேன். இனி எல்லாவற்றிலும் இருப்பேன். மாற்ற வேண்டிய காலம் வரும்போது உனக்குக் கடுதாசி வரும்.

பேச்சு இல்லை என்றால் இல்லைதான். பிள்ளை பிறந்ததும் எழுதுகிறேன். மயிலம்மாளை அந்தச் சீர்த்தட்டோடு வரச்சொல். வாசலில் நிற்க வேண்டாம், உள்ளே வரச்சொல்.

வீண் வேலையோ என்று கேட்டிருக்கிறாய். அறுந்திருக்குமா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையில்லை. ஒரு தடவை தெரிந்துகொண்டது போதும். இங்கேயும் தினமும் சிரிப்புத்தான். சௌந்திரம் சிரிக்கிறாள், தறிக்காரர்கள் சிரிக்கிறார்கள். வசந்தாமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் நிறுத்துங்க, குட்டி உதைக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

சிரிக்கட்டும். தொப்பூரிலிருந்து நீ வந்த அன்றைக்கு, சிரிக்க இந்த வீட்டில் ஆள் இல்லை.

பொன்னாத்தாள்